ஊர் விரிந்தால் ரயில் நிறையுமா? வடசென்னையை வைத்து ஒரு விளக்கம்

மீஞ்சூர், பொன்னேரி பக்கம் மனை விற்கிறவர்கள் வைக்கும் பேனர்களில் "ரயில் நிலையத்திலிருந்து 5 நிமிடம்" என்கிற வரியை அடிக்கடி பார்க்கலாம். அந்த 5 நிமிடம் எதில் என்று மட்டும் எழுதியிருக்க மாட்டார்கள். காரிலா, பைக்கிலா, நடந்தா? மனையைக் காட்டக் கூட்டிப்போகிறவர் காரில்தான் கூட்டிப்போவார், அதுவும் ஞாயிற்றுக்கிழமை, சாலை காலியாக இருக்கிற நேரமாகப் பார்த்து. வாங்கி, வீடு கட்டி, குடிபோன பிறகு வருகிற திங்கட்கிழமை காலையில்தான் அந்த 5 நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும்.

ஊர் விரிவதற்கும் ரயிலில் ஏறுகிறவர்களின் எண்ணிக்கைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், விடையில் பெரும்பகுதி அந்த 5 நிமிடத்துக்குள் இருக்கிறது. ஊர் பெருத்தால் கூட்டம் பெருகும், கூட்டம் பெருகினால் ரயில் நிறையும் என்றுதான் முதலில் தோன்றும். நடப்பது பாதிதான் அப்படி.

முதலில், எதை நகரப் பரவல் என்கிறோம்? மக்கள் கூடுவதை அல்ல. மக்கள் கூடுகிற வேகத்தைவிட நிலம் ஊராக மாறுகிற வேகம் அதிகமாக இருந்தால் அது பரவல். பத்து வீடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வீடு, நடுவில் முள்வேலி போட்ட காலி மனைகள், அதற்கப்புறம் வயல், அதற்கப்புறம் இன்னொரு லேஅவுட்: இப்படி விட்டுவிட்டு வளர்வது.

சென்னையில் இது எங்கே நடந்தது என்று மக்கள்தொகைக் கணக்கே காட்டிக்கொடுக்கும். பழைய மாநகராட்சி எல்லைக்குள் 2001-ல் சுமார் 43.4 லட்சம் பேர், 2011-ல் சுமார் 46.5 லட்சம் பேர். பத்து வருடத்தில் மூன்று லட்சம்தான் கூடியிருக்கிறது. புதிதாக வந்தவர்களும், வாடகை கட்டுப்படியாகாமல் உள்ளிருந்து கிளம்பியவர்களும் பெரும்பாலும் எல்லைக்கு வெளியேதான் போனார்கள். அதனால்தான் 2011-ல் மாநகராட்சியின் பரப்பை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக்கினார்கள். வடக்கே திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் எல்லாம் அப்போதுதான் மாநகராட்சிக்குள் வந்தன. 2022-ல் பெருநகரத் திட்டப் பகுதியின் எல்லையும் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆனது.

ஆனால் திருவொற்றியூரையும் மீஞ்சூரைத் தாண்டிய ஒரு லேஅவுட்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. வடசென்னையின் பழைய பகுதிகள் ரயிலையும் ஆலைகளையும் ஒட்டி வளர்ந்தவை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் கிளம்பியதே ராயபுரத்திலிருந்துதான். அப்புறம் பெரம்பூரில் ரயில்வே பணிமனைகளும் பி அண்ட் சி துணி மில்லும், எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை. விம்கோ நகர் என்ற நிலையத்தின் பெயரே அங்கிருந்து வந்ததுதான். ஆலைக்கு நடந்துபோகிற தூரத்தில் வீடு. நெருக்கமான தெருக்கள், ஒட்டு ஒட்டாக வீடுகள். அந்த நெருக்கத்தைத்தான் ரயில் விரும்பும். இப்போது வரிசை தலைகீழாகிவிட்டது. மனை முதலில் வருகிறது, சாலை அப்புறம், பேருந்து எப்போதாவது.

நடக்கிற தூரம்

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். சராசரி ஆள் ரயிலுக்காகப் பத்து நிமிடம் நடப்பார், அதாவது ஏறத்தாழ 800 மீட்டர். ஒரு நிலையத்தை நடுவில் வைத்து 800 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால், உள்ளே சுமார் 2 சதுர கிலோமீட்டர் நிலம் வரும். 2011 கணக்கெடுப்பின்படி பழைய சென்னையில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு சராசரியாக 26,500 பேருக்கு மேல் இருந்தார்கள். அந்த நெருக்கம் இருந்தால் வட்டத்துக்குள் 53,000 பேர். பத்தில் ஒருவர் ரயிலில் போவதாக வைத்துக்கொண்டால், அந்த ஒரு நிலையத்தில் மட்டும் 5,300 பேர் ஏறுவார்கள்.

இதே வட்டத்தை ஒரு புது மனைப்பிரிவின் நடுவில் போடுவோம். ஒரு பேச்சுக்கு, சதுர கிலோமீட்டருக்கு 3,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். வட்டத்துக்குள் 6,000 பேர், ரயிலேறுகிறவர்கள் 600. நிலையம் ஒன்றுதான், நடைமேடையும் ஓட்டுநரும் மின்சாரச் செலவும் ஏறக்குறைய அதேதான். ஆள் மட்டும் ஒன்பதில் ஒரு பங்கு. இவர்களுக்காக எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி விடுவார்கள்?

காகிதத்தில் போட்ட வட்டம் தரையில் முழு வட்டமாகவும் இருக்காது. வடசென்னையில் இது ரொம்பவே பொருந்தும். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கிழக்கே கொஞ்ச தூரத்தில் கடல், அங்கே யாரும் குடியிருக்க முடியாது. மேற்கே பக்கிங்காம் கால்வாய் தண்டவாளத்தோடு கூடவே வருகிறது, பாலம் இருக்கிற இடத்தில்தான் தாண்ட முடியும். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் சரக்கு யார்டுகள் அகலமாகப் படுத்திருக்கின்றன. அதோடு லெவல் கிராசிங் கேட்டுகள். கேட் போட்டுவிட்டால், கண்ணுக்கெதிரே தெரிகிற நிலையத்துக்குப் போகக்கூடக் காத்துக்கிடக்க வேண்டும். ஆட்கள் குனிந்து நுழைந்து ஓடுவது இதனால்தான், அது ஆபத்து என்று தெரியாமல் இல்லை. ஆக, 2 சதுர கிலோமீட்டர் வட்டத்தில் உண்மையில் நடந்து வரக்கூடிய நிலம் சில நிலையங்களில் பாதிகூடத் தேறாது.

கவட்டைக்குள் மாட்டிய ஊர்கள்

வடசென்னையின் ரயில் வரைபடத்தை மனதில் கொண்டுவந்து பாருங்கள். சென்ட்ரலிலிருந்து பேசின் பிரிட்ஜ் வரை ஒன்றாக வருகிற பாதை அங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கு. இன்னொன்று வியாசர்பாடி, பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி வழியாக அரக்கோணத்துக்கு. பையன்கள் கல்லடிக்க வைத்திருக்கும் கவட்டைக் குச்சி மாதிரி. கைப்பிடி சென்ட்ரல் பக்கம், இரண்டு கிளை மேலே.

அந்த இரண்டு கிளைக்கும் நடுவில் என்ன இருக்கிறது? கொடுங்கையூர், மூலக்கடை, மாதவரம், மணலி, மணலி புதுநகர், புழல், செங்குன்றம். ஒன்றிலும் பயணிகள் ரயில் இல்லை. கவட்டையின் அடியில் இருப்பவர்களுக்குப் பெரிய கஷ்டமில்லை, வியாசர்பாடிக்கோ கொருக்குப்பேட்டைக்கோ போய்விடலாம். மேலே போகப்போக இடைவெளி அகன்றுகொண்டே போகிறது. செங்குன்றத்தில் நிற்பவருக்கு இந்தப் பக்கமும் ரயில் தூரம், அந்தப் பக்கமும் தூரம்.

கடந்த சில பத்தாண்டுகளில் வடசென்னையில் காலி நிலம் கிடைத்ததும், மனை போடப்பட்டதும், குடும்பங்கள் போய்ச் சேர்ந்ததும் பெரும்பாலும் இந்த நடுப்பகுதியில்தான். பெரம்பூரிலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு கிரவுண்டு வாங்க முடியாதவர்கள் மாதவரத்துக்கு நகர்ந்தார்கள். மாதவரத்தில் விலை ஏறியதும் புழலுக்கு, அங்கிருந்து செங்குன்றத்துக்கும் அதற்கு அப்பாலும். அவர்கள் தொடர்ந்து போனது வடக்கே போகிற ஜி.என்.டி. நெடுஞ்சாலையை, தண்டவாளத்தை இல்லை. புழல் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் கட்டுப்பாடு இருப்பதால் அதையும் சுற்றிக்கொண்டுதான் ஊர் வளர வேண்டியிருந்தது.

இவர்களை ரயிலுக்குக் கொண்டுவரவே முடியாதா என்றால், முடியும். மறுபடி கணக்குக்கு வருவோம். நடந்து வருகிற 800 மீட்டருக்குப் பதிலாக, பேருந்திலோ ஷேர் ஆட்டோவிலோ சைக்கிளிலோ 3 கிலோமீட்டர் தூரத்திலிருந்து ஆட்கள் வரலாம் என்றால் வட்டத்தின் பரப்பு 28 சதுர கிலோமீட்டராகிவிடும். 14 மடங்கு. சதுர கிலோமீட்டருக்கு 3,000 பேரே இருந்தாலும் உள்ளே 84,000 பேர் வந்துவிடுவார்கள். பரவலான ஊரிலும் ரயிலை நிறைக்க வழி இருக்கிறது என்று திட்டமிடுகிறவர்கள் சொல்வது இதை வைத்துத்தான்.

ஆனால் இதில் ஒரு சிக்கல். வீட்டிலிருந்து பைக்கைக் கிளப்பிவிட்ட ஆள், 3 கிலோமீட்டரில் நிலையத்துக்கு வந்து, ஸ்டாண்டில் இடம் தேடி, டோக்கன் வாங்கி, மேம்பாலப் படி ஏறி இறங்கி, ரயிலுக்கு நின்று, மறுபடி இறங்கி இன்னொரு வண்டி பிடிப்பாரா? அப்படியே நேராக அலுவலகத்துக்கே முறுக்கிவிடுவாரா? தூரம் 30, 40 கிலோமீட்டர் என்றால் ஸ்டாண்டில் விடுவார். 15 கிலோமீட்டர் என்றால் பெரும்பாலும் விட மாட்டார். பரவலால் ரயில் இழப்பது நிலையத்துக்கு எட்டாதவர்களை மட்டுமல்ல. பைக் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பவே முடியாது என்று ஆகிவிட்டவர்களையும் சேர்த்து இழக்கிறது. என்னைக் கேட்டால் இரண்டாவது இழப்புதான் பெரியது. முதல் ஆளைப் பேருந்து விட்டுக் கூட்டிவரலாம். இரண்டாமவர் மாதத் தவணை கட்டி வண்டி வாங்கிவிட்டார்.

கட்டணத்தைப் பார்த்தால் ரயிலை யாரும் அடிக்க முடியாது. புறநகர் ரயிலில் டிக்கெட் 5 ரூபாயிலிருந்து தொடங்குகிறது, சீசன் எடுத்தால் இன்னும் மலிவு. அப்படியும் ஆள் வரவில்லையென்றால் குறை டிக்கெட் விலையில் இல்லை என்று அர்த்தம். நிலையம் வரை வருகிற ஷேர் ஆட்டோவுக்கு ரயிலைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பயணம் இலவசம். மணலியிலிருந்து பாரிமுனைக்கு வேலைக்குப் போகிற ஒரு பெண், ஆட்டோவுக்குக் கொடுத்துத் திருவொற்றியூர் போய் ரயிலேறுவதைவிட, நேரமானாலும் பேருந்தில் உட்கார்ந்துவிடுவது நியாயம்தான். தெருவிளக்கு இல்லாத காலி மனைகளின் நடுவே இரவு எட்டரைக்கு நிலையத்திலிருந்து நடக்க வேண்டாம் என்பதும் கணக்கில் சேரும்.

அப்படியென்றால் காலை வண்டியில் கூட்டம் ஏன்?

நியாயமான கேள்வி. காலையில் கும்மிடிப்பூண்டியிலிருந்து வருகிற மின்சார ரயிலில் பொன்னேரிக்கு அப்புறம் உட்கார இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஊர் விரிந்ததால்தான் இந்தக் கூட்டம். தண்டவாளத்தை ஒட்டியே பரவிய இடங்களில் பரவல் ரயிலுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறது. மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் வீடு வாங்கியவர்கள் பலர் ரயிலை நம்பித்தான் வாங்கினார்கள். ரயில் இல்லையென்றால் அந்தத் தூரத்துக்குப் போயிருக்கவே மாட்டார்கள்.

ஆனால் இந்தக் கூட்டம் ரயில்வேக்கு எந்த அளவுக்கு லாபம் என்று பார்க்க வேண்டும். ஒரே இருக்கையில் ஒருவர் திருவொற்றியூரில் ஏறிச் சில நிலையம் தள்ளி இறங்கி, அப்புறம் வேறொருவர் ஏறி, இன்னொருவர் என்று மாறிக்கொண்டிருந்தால் ஒரு பயணத்தில் மூன்று நான்கு டிக்கெட். பொன்னேரியில் ஏறியவர் சென்ட்ரல் வரை உட்கார்ந்திருந்தால் ஒரே டிக்கெட். தூரத்துக்கு ஏற்ற அளவுக்கு நம் புறநகர்க் கட்டணம் ஏறுவதும் இல்லை. அதனால் பயணிகள் எண்ணிக்கை என்ற ஒரு எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஒவ்வொருவரும் எத்தனை கிலோமீட்டர் போனார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பரவிய ஊரில் தலைக்கு ஆகும் கிலோமீட்டர் கூடும், வண்டியின் நெரிசலும் கூடும், ஏறிய தலைகளோ அந்த அளவுக்குக் கூடியிருக்காது.

இன்னொன்று திசை. காலையில் நகரத்துக்குள் வருகிற வண்டி பிதுங்கும், அதே வண்டி திரும்பிப் போகும்போது காலி. மாலையில் நேர் எதிர். பாதித் தூரம் காற்றை ஏற்றிக்கொண்டு ஓடுகிற வண்டி. வீடுகளை மட்டும் வெளியே தள்ளி வேலையை உள்ளே வைத்திருந்தால் இப்படித்தான் ஆகும். இந்த விஷயத்தில் வடக்குப் பாதைக்குக் கொஞ்சம் கொடுப்பினை. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது, அத்திப்பட்டு பக்கம் அனல்மின் நிலையமும் துறைமுகமும் இருக்கின்றன. காலையில் வெளிநோக்கிப் போகிற வண்டியிலும் டிபன் பாக்ஸ் பிடித்த ஆட்களைப் பார்க்கலாம்.

சரி, கூட்டம் இருக்கிறதே, வண்டியைக் கூட்டலாமே என்றால் அங்கே பாதை இடிக்கிறது. தெற்கே கடற்கரை–தாம்பரம் இடையே புறநகர் வண்டிகளுக்கென்று தனிப் பாதைகள் உண்டு. கும்மிடிப்பூண்டி வரை அப்படி முழுசாக இல்லை. டெல்லிக்கும் ஹவுராவுக்கும் போகிற விரைவு வண்டிகள், அனல்மின் நிலையத்துக்கான நிலக்கரி, துறைமுகத்துக் கன்டெய்னர் எல்லாம் இந்தப் பக்கம்தான். எக்ஸ்பிரஸ் வந்தால் லோக்கல் ஒதுங்கி நிற்கும். அந்தப் பாதையில் போய்வருகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வண்டிகளின் இடைவெளி ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், காத்திருக்கிற நேரம் மனிதர்களுக்கு இருமடங்காக உறைக்கும். போக்குவரத்துத் திட்டமிடலில் இது பொதுவாகப் பயன்படுத்துகிற கணக்கு: வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு நிமிடத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்காக நடைமேடையில் நிற்கிற ஒரு நிமிடத்தை மதிப்பிடுவார்கள். அரை மணிக்கு ஒரு ரயில், அதைப் பிடிக்க இருபது நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்றால், இரண்டிலும் நிற்கிற நேரத்தைச் சேர்த்தாலே ஆள் அலுத்துவிடுவார். அலுத்தவர் பைக் வாங்குவார். பேருந்தில் ஆள் குறைந்தால் அதன் நடையை, அதாவது ட்ரிப்பை, குறைப்பார்கள். நடை குறைந்தால் அடுத்தவர் பைக் வாங்குவார்.

வேலையும் பரவிவிட்டது

இதுவரை சொன்னது வீட்டைப் பற்றி. வேலை இடம் மாறிப்போன கதை வேறு. பி அண்ட் சி மில் 1996-ல் மூடப்பட்டது. வடசென்னையில் பழைய ஆலைகள் சுருங்கச் சுருங்க, அடுத்த தலைமுறைக்கு வேலை ஒரகடத்தில், ஸ்ரீபெரும்புதூரில், பழைய மகாபலிபுரம் சாலையில். சென்ட்ரல், பாரிமுனை, எழும்பூர் என்று நடுநகரத்தில் எல்லா வேலையும் குவிந்திருந்த காலத்தில் போடப்பட்ட ரயில், எல்லோரையும் நடுவுக்கு இழுத்துவர மட்டுமே கற்றுக்கொண்ட ரயில். கொடுங்கையூரிலிருந்து ஒரகடம் போகிறவருக்கு அது என்ன செய்யும்? கம்பெனி பஸ் வந்து கூட்டிப்போகிறது. கம்பெனி பஸ் கிடைக்காதவர் பைக்கில் போகிறார்.

வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை சுமார் 62 கிலோமீட்டருக்குப் போட்ட வெளிவட்டச் சாலை இந்தப் போக்கை இன்னும் உறுதியாக்கியது. நகரத்தின் ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு நடுநகரத்தைத் தொடாமலே போகலாம். லாரிகள் ஊருக்குள் வராமல் இருக்க அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் இரண்டு பக்கமும் மனை போட்டு வளர்கிற ஊர்களில் பிறக்கிற பயணங்கள், நம் ரயில் வரைபடத்தில் எந்தக் கோட்டோடும் பொருந்தாதவை.

மெட்ரோவையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 9 கிலோமீட்டர் நீட்டிப்பு 2021 பிப்ரவரியில் திறந்தது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய நெருக்கமான பகுதி, நடந்து வருகிற ஆட்கள் நிறைய. ரயிலுக்கு ஏற்ற ஊர். வடசென்னைக்கு மெட்ரோ வராதா என்று ஏங்கியவர்களின் நியாயமும் அதில் இருக்கிறது. ஆனால் வரைபடத்தில் பார்த்தால், ஏற்கெனவே புறநகர் ரயில் ஓடுகிற அதே கடலோரப் பட்டையில்தான் இரண்டாவது ரயிலும் ஓடுகிறது. கவட்டையின் நடுவில் அப்போதும் ஒன்றுமில்லை.

இரண்டாம் கட்டத்தில்தான் அது மாறுகிறது. மொத்தம் 118.9 கிலோமீட்டர், அதில் இரண்டு வழித்தடங்கள் மாதவரம் பால்பண்ணையிலிருந்து தொடங்குகின்றன. ஒன்று மூலக்கடை, பெரம்பூர், புரசைவாக்கம் வழியாகத் தெற்கே சிறுசேரி சிப்காட் வரை. மற்றொன்று ரெட்டேரி, கொளத்தூர், வில்லிவாக்கம், கோயம்பேடு வழியாகச் சுற்றிக்கொண்டு சோழிங்கநல்லூர் வரை. இந்த இரண்டாவது தடம்தான் எனக்கு முக்கியமாகப்படுகிறது. சென்ட்ரலுக்குப் போகாமல், நகரத்தின் மேற்குப் பக்கமாக வளைந்து போகிற பாதை. வேலையும் வீடும் சிதறிப்போன ஊருக்கு இந்த மாதிரிக் குறுக்குக் கோடுகள்தான் உதவும். வில்லிவாக்கம் போன்ற இடங்களில் புறநகர் ரயிலோடு சேர்கிறபோது, ஆவடிப் பக்கத்து ஆட்களும் நடுநகரத்துக்குப் போகாமலே மாறிக்கொள்ளலாம்.

அதற்கு மாறுகிற இடம் உருப்படியாக இருக்க வேண்டும். பறக்கும் ரயில் 1997-ல் மயிலாப்பூர் வரை போனது, 2007-ல் வேளச்சேரியை எட்டியது. நெருக்கமான ஊருக்குள்தான் ஓடியது, ஆனாலும் நினைத்த கூட்டம் வரவில்லை. பெரிய பெரிய நிலையக் கட்டடங்கள், வாசலில் பேருந்து இல்லை. ஆட்கள் நெருங்கி வாழ்ந்தால் மட்டும் போதாது, வாசலும் சரியாக இருக்க வேண்டும் என்பதற்கு நம் ஊரிலேயே கிடைத்த பாடம் அது. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கும் 'சென்னை ஒன்' செயலி 2025-ல் வந்தது நல்ல விஷயம். ஆனால் டிக்கெட் ஒன்றானால் மட்டும் படிக்கட்டு குறைந்துவிடாது.

மாதவரத்தில் மெட்ரோ ஓடத் தொடங்கும்போது நான் முதலில் பார்க்கப்போவது பேருந்துகளைத்தான். செங்குன்றத்திலிருந்தும் மணலியிலிருந்தும் பாரிமுனைக்கு நேராகப் போகிற பேருந்துகளை மாதவரத்தோடு நிறுத்தி, இனிமேல் மெட்ரோவில் மாறிக்கொள்ளுங்கள் என்று சொல்லும் ஆசை அதிகாரிகளுக்கு வரலாம். காகிதத்தில் அது அழகாக இருக்கும், மெட்ரோவின் எண்ணிக்கையும் ஏறும். ஆனால் இலவசமாக, ஒரே வண்டியில் போய்க்கொண்டிருந்த பெண், நடுவில் இறங்கி, காசு கொடுத்து, இன்னொன்று ஏற வேண்டும். மெட்ரோவில் குறைந்தபட்சக் கட்டணமே 10 ரூபாய். அதற்குப் பதிலாக நேரடிப் பேருந்துகளை அப்படியே விட்டுவிட்டு, இப்போது பேருந்தே நுழையாத புழல், மணலி புதுநகர் உட்தெருக்களுக்குச் சின்னப் பேருந்துகளைப் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக விட்டால், இன்னும் பைக் வாங்காத ஆட்களைப் பிடித்துவிடலாம். 2013-ல் சென்னையில் சின்னப் பேருந்துகள் விட்டதும் இதே காரணத்துக்காகத்தான். அவை தெரு முனைக்கு வந்து நின்றபோது ஆட்கள் ஏறினார்கள்.